வில்லங்கச் சான்று

லாப்பா ஊரின் பத்திரப் பதிவு அலுவலகத்தில்
பத்தொன்பது வருடமாக எனக்கு இதுதான் வேலை.
கேட்டவருக்குப் பழைய ஏடுகளைப் புரட்டி
இந்த நிலத்தின்மேல் அடமானம் உண்டு, வழக்கு உண்டு,
அல்லது ஏதுமில்லை என்று எழுதி
முத்திரை குத்திக் கொடுப்பேன்.

எங்கள் வீட்டுச் சாவுகளை மட்டும்
தனித்தனிக் கோப்பில் வைத்திருந்தோம்.
ஒஸ்வால்தினோ பெரியப்பாவுக்குத் தொடை எலும்பில்.
கோவேறு கழுதை உதைத்ததால்.
சுல்மீரா அத்தைக்கு மார்பில்.
பிள்ளை இல்லாத ஏக்கத்தால்.
அப்பாவின் வயிற்றைக் கெடுத்தது
கொதிக்கக் கொதிக்க அவர் உறிஞ்சிய மாத்தே.
காரணம் இருந்ததால்
அடுத்தவர்
நிம்மதியாகத் தூங்கினோம்.

பிறகு கவுவேயின் குரல் உடைந்தது.
மூன்று வயதில்.
நெற்றியில் பரு, அக்குளில் ஆண் வியர்வை.
"வீட்டுக்கு ஆம்பிளை சீக்கிரம் தயாராகிறான்"
பக்கத்து வீட்டு இவானிர் சிரித்தாள்.
நானும், கடவுளே,
நானும் சிரித்தேன்.

சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி ஒரு சுரப்பியாம்.
அதில் எலுமிச்சை அளவுக்கு.
குரிச்சிபாவில் அறுத்து எடுத்தார்கள்.

வாசலில் இன்னும் தையல் பிரிக்காத பிள்ளை
நர்ஸிடம் கார் பொம்மை கேட்டுக்கொண்டிருக்க,
உள்ளே டாக்டர் காகிதத்தில்
சதுரம் போட்டாள், வட்டம் போட்டாள்,
சிலவற்றைப் பேனாவால் கறுப்படித்தாள்.
எலும்பு, மார்பு, வயிறு, இது
நாலும் வேறு நோய் இல்லையா என்றேன்.
"வந்த இடம்தான் வேறு" என்றாள்.
எங்கோ ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது.

ஓர் எழுத்து என்ன செய்யும் என்று
எனக்குத் தெரியாதா?
எல்லை எழுதும்போது திசைக்கு ஓர் எழுத்துதான் போடுவோம்.
கிழக்குக்கு மேற்கென்று எவனோ போட்டதில்
இரண்டு தலைமுறை அரிவாள் எடுத்த கதை
நாற்பத்தோராம் ஏட்டில் இருக்கிறது.

நிலமென்றால் பங்கு வைக்கலாம்.
இது பங்காகாது.
ஒரு பிள்ளைக்கு முழுசாக,
அடுத்ததற்கு ஒரு சாண்கூட இல்லாமல்,
காசு சுண்டிப் போட்டதுபோல்.
வந்தவர்களிலும் சிலரிடம்
கடைசிவரை வாய் திறக்காதாம்.
என்னிடமும் இருக்கிறது. நாற்பத்தாறு வயது.
இன்னும் வட்டி கேட்கவில்லை.

"சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்"
டாக்டர் சுலபமாகச் சொன்னாள்.
அவளுக்கு ஜுராந்தீரைத் தெரியாது.
பெரியப்பா மகன். பங்காளி.
எட்டு அல்கேர் நிலம், அதன் நடுவில் ஓர் ஊற்று.
பதினாலு வருடமாகப் பேச்சில்லை.
அப்பாவைப் புதைத்த அன்று
சாலைக்கு அந்தப் பக்கம் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன்.
மூன்று தடவை வைத்துவிட்டு, நாலாவது தடவை.
"இப்போது எதில் பங்கு கேட்கிறாய்?"
எதிலும் இல்லை என்றேன்.
ரத்தப் பரிசோதனை என்றேன். பணம் வேண்டாம் என்றேன்.
"எங்கள் அப்பா கழுதை உதைத்துச் செத்தார்"
வைக்கப் போனான்.

அந்த நேரம் பார்த்துப் பின்கட்டிலிருந்து
கவுவே கத்தினான்,
இடது செருப்பைக் காணோம் என்று.
கட்டியைத்தான் எடுத்தார்கள்,
குரல் முழுசாகத் திரும்பவில்லை.

"யாரது உன் வீட்டில் ஆம்பிளை?"

நாலு வயது, என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு நாய் குரைத்து ஓய்ந்தது.
கெட்டிலோ என்னவோ கூவிக்கொண்டே இருந்தது,
யாரும் எடுக்கவில்லை.
பிறகு அவன்
மகள்களின் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தான்,
பிறந்த தேதியோடு,
கவுண்டரில் நின்று சொல்பவர்களைப் போல மெதுவாக.
மூன்றாவதை நான் பார்த்ததே இல்லை.
எழுத்துக்கூட்டிச் சொல் என்றேன்.
பேனா என் கையில்தான் இருந்தது.